கதவுகள் மட்டும் உள்ள கொட்டகை

ஏழுமடை நகரத்தில் ஒவ்வொரு அலுவலகத்தின் அறிவும் ஒரு பிராணியாக இருந்தது. குடிநீர் வாரியத்தின் அறிவு ஓர் எருமை. அரசு ஆஸ்பத்திரியின் அறிவு ஒரு வாத்து. பஸ் டிப்போவுக்குக் கழுதை, பரிசல்காரர் சங்கத்துக்கு நீர்நாய். எங்கே குழாய் உடைந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், வாரியத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை எருமையின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு அவிழ்த்து விடுவார்கள். அது அசைபோட்டுக்கொண்டே போய், உடைந்த இடத்தின் மேல் நின்று சாணி போடும். ஆட்கள் அங்கே தோண்டுவார்கள். ஆஸ்பத்திரியில் வாத்து வார்டு வார்டாக நடந்து, காய்ச்சல்காரரின் கட்டிலடியில் கழுத்தை நீட்டியும், வயிற்றுக்கோளாறுக்காரரின் கட்டிலடியில் கழுத்தை மடக்கியும் உட்காரும். டாக்டர்கள் குனிந்து பார்த்துவிட்டு மருந்து எழுதுவார்கள். நோய்தான் வாத்துக்குத் தெரியும். நோயாளியின் பெயர் தெரியாது.

வீடுகளிலும் சின்னதாக ஏதாவது ஒன்று இருக்கும். கோழி, அணில், அரணை என்று வீட்டுக்கு வீடு மாறும். உப்பு டப்பா எங்கே, எந்த ஓடு ஒழுகும், யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் அதை யாரும் அறிவு என்று சொல்வதில்லை. கோழி என்றுதான் சொல்வார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வழக்கம் மட்டும் உண்டு. எந்த அலுவலகத்துப் பிராணியும் தன் அலுவலகத்தின் எல்லையைத் தாண்டாது. வாத்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும்தான். அதைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினால் அது வெறும் வாத்தாகிவிடும், சாக்கடையோரம் நத்தை பொறுக்கும். எருமை குழாய்க்கும் வாய்க்காலுக்கும் மேலேயே நடக்கும். கழுதை பஸ் போகும் தடத்தை விட்டு இறங்காது. பஸ் எங்கே திரும்புமோ அங்கே அதுவும் திரும்பிவிடும். நீர்நாய் துறை விட்டுத் துறை நீந்தும், கரையேறாது.

மங்கையர்க்கரசிக்கு இந்த வழக்கத்தின் மேல் தீராத கோபம் இருந்தது. அவளுடைய கணவர் கலியமூர்த்தி ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். போன ஐப்பசி வெள்ளத்தன்று, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். அங்கே போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மங்கை அவருடைய காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாகப் போனாள். எல்லாரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், நாற்காலி போட்டார்கள், தத்தம் பிராணியை அவிழ்த்தும் விட்டார்கள். வாத்து சட்டையை முகர்ந்துவிட்டு அவசரப் பிரிவிலிருந்து விறுவிறுவென்று கேட் வரை போய் நின்றது. கழுதை பெரிய கடைத்தெரு வழியாக நகராட்சி வளைவு வரை நடந்து, பஸ் திரும்புகிற இடம் வந்ததும் திரும்பிவிட்டது. எருமை ஒரு மதகடியில் போய்த் தலையைக் குனிந்துகொண்டது. நீர்நாய் பாலத்தடித் துறையில் தலையை நீட்டி, மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு மூழ்கியது. ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்தார்கள். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் வீட்டுக் கோழியும் அன்றிலிருந்து சரியில்லை. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்கோழி அது. வெள்ளத்துக்குப் பிறகு வாசலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. இரை போட்டாலும் சீட்டிலேயே கொத்தும். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மங்கை அதை விரட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். திரும்பி வந்து நிறுத்திய சூடு ஆறுவதற்குள் அது மறுபடியும் ஏறிவிடும்.

தை மாதம் மாவட்டத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஏழுமடையில் உள்ள பல்வேறு அமைப்புகள் தங்கள் அறிவை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்வதற்கான தொழில்நுட்பத்தைத் தாங்களே கூடி உட்கார்ந்து வடிவமைக்க வேண்டும், அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவை என்றது உத்தரவு. மங்கை அதுவரை கட்டட வரைபடங்கள் வரைகிற ஓர் அலுவலகத்தில் இருந்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தாள். நான்கு பிராணிகளும் ஓரிடத்தில் கூடிவிட்டால், தனித்தனித் துண்டுகள் ஒட்டிக்கொண்டு கலியமூர்த்தி போன வழி முழுசாகத் தெரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தொழில்நுட்பத்தின் மேல் அவளுக்குத் தனிப்பட்ட பிரியம் எதுவும் கிடையாது.

முதல் கூட்டம் குடிநீர் வாரியத்தில் நடந்தது. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லாததால் எல்லாருக்கும் இளநீர் வாங்கி வந்தார்கள். வாரியத்தின் சார்பில் உதவிப் பொறியாளர் பத்மநாபன் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் ரெஜினா சிஸ்டர், டிப்போவிலிருந்து கிளை மேலாளர் ஹாஜா மைதீன், பரிசல்காரர் சங்கத்திலிருந்து அதன் தலைவர் வைரக்கண்ணு. வைரக்கண்ணு அதிகம் பேசமாட்டார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

குழுவில் யார் யார் இருக்கலாம் என்பதுதான் முதல் பேச்சு. பதிவு பெற்ற அமைப்புகள் மட்டும் என்று மங்கை முன்மொழிந்தாள். அப்படி இருந்தால்தான் வேலை மளமளவென்று நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வைரக்கண்ணு தொண்டையைச் செருமினார். "வீடுகள்லேருந்து யாரையும் கூப்பிட வேண்டாமா அம்மா?"

"இல்லைங்க அய்யா, நிறுவனங்கள் மட்டுந்தான். வீட்டையெல்லாம் சேர்த்தா கோழியும் அணிலுமா வந்து நிக்கும். அப்புறம் எப்ப முடிக்கிறது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துண்டை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

பிராணிகள் கூடுவதற்கு ஒரு கொட்டகை கட்டுவது என்று முடிவாயிற்று. உத்தரவில் தொழில்நுட்பம் என்று இருந்ததால் அதைக் கொட்டகை என்று எழுத வேண்டாம், பேசும்போது மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்றார் ஹாஜா மைதீன். இடம் தேடுவதில் சிரமம் இல்லை. ஆஸ்பத்திரியின் பின்பக்க மதிலை ஒட்டி ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது, நிறுத்தத்துக்கு அடியில் பெரிய குழாய் போனது, பத்தடியில் ஆற்றுத்துறை. நான்கு எல்லைகளும் தொட்டுக்கொள்கிற இடம் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

சிரமமெல்லாம் கதவில்தான் வந்தது.

"எருமைக்கு அகலக் கதவு வேணுங்க" என்றார் பத்மநாபன். "எதிர்ல யாரும் நிக்கக் கூடாது. உள்ள போகையில யாரும் கேள்வி கேக்கக் கூடாது. வாரியத்துல அப்படியே பழகிடுச்சு."

வாத்துக்குத் தாழ்வான கதவு, அதுவும் பினாயில் போட்டுக் கழுவுகிற மாதிரி வேண்டும் என்றார் ரெஜினா சிஸ்டர். "இன்னொண்ணு. வாத்துக்குத் தெரிஞ்சது வெளியில போகக் கூடாது. அது நோயாளிங்க விஷயம். மத்தவங்களுக்குத் தெரிஞ்சதை அது தெரிஞ்சுக்கட்டும், அதுல ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"எங்களுக்கும் அதேதான்" என்றார் பத்மநாபன். ஹாஜா மைதீனும் தலையாட்டினார்.

"அப்ப யாரோடது யாருக்குப் போகும்?" என்று வைரக்கண்ணு கேட்டார். அதற்குள் பஜ்ஜி வந்துவிட்டதால் பேச்சு வேறு பக்கம் போயிற்று.

கழுதை எந்த இடத்துக்குள்ளும் பின்பக்கமாகத்தான் போகும். டிப்போவில் பஸ்களைப் பின்னால் எடுத்து நிறுத்துவதைப் பார்த்துப் பார்த்து அதற்கு அந்தப் பழக்கம். ஆகவே பின்வாங்கி நுழைகிற கதவு ஒன்று, பக்கத்தில் கண்டக்டர் நின்று விசில் ஊத ஒரு மேடை. நீர்நாய்க்குத் தரையில் கதவு, அதற்கு அடியில் தண்ணீர். இவையெல்லாம் உள்ளே வரும் கதவுகள். வெளியே போகும் கதவு தனியாக இருக்க வேண்டும் என்று வாரியத்தில் ஒரு விதி உண்டு. அதை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வுக்கு வரும் மேலதிகாரிகளுக்கு ஆளுக்கொரு கதவு. தன் பிராணி உள்ளே இருக்கும்போது பிற பிராணிகள் அவசரமாக வெளியேற ஒரு கதவு. ஒருவர் ஒரு கதவு கேட்டால் அடுத்தவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். மங்கை எல்லாவற்றையும் வரைந்தாள். யாருடைய கோரிக்கையையும் தள்ளவில்லை. தள்ளினால் அந்த அலுவலகம் கூட்டத்துக்கு வராது, பிராணியும் வராது, கலியமூர்த்தியின் வழியில் ஒரு துண்டு இல்லாமல் போய்விடும். அவள் தன் பங்குக்கு ஒன்றே ஒன்று வரைந்தாள். நடுவில் ஒரு தீனித்தொட்டி. அது கதவு இல்லையாதலால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

வரைபடத்தை வாங்கிப் பார்த்த மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுவர் எங்கம்மா?"

"யாரும் கேக்கலைங்க" என்றாள் மங்கை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கதவுகளுக்கு அளவெடுக்கப் போனார்.

வைகாசியில் கொட்டகை எழுந்தது. கூரை, தொட்டி, சுற்றிலும் கதவுகள். பக்கத்தில் பக்கத்தில் கதவு, ஒரு கதவின் கீல் முடிகிற இடத்தில் அடுத்த கதவின் கீல். திறப்பு விழா நாளில் எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து மாவிலைத் தோரணம் கட்டினார்கள். எருமை தன் கதவில் வந்தது, தன் கதவில் போயிற்று. விசில் ஊதியதும் கழுதை பின்வாங்கி வந்தது, முன்னோக்கி வெளியேறியது. வாத்து ஈரக்கால் தடம் கூடப் பதியாமல் குறுக்கே நடந்து போயிற்று. நீர்நாய் எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவும் அவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தது.

குழுவினருக்கு மிகுந்த திருப்தி. யாருக்கும் யாராலும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். அடுத்த கூட்டத்தோடு குழுவைக் கலைத்துவிடலாம் என்று பத்மநாபன் சொன்னார்.

மங்கை அன்று மாலை வீட்டுக்கு வந்து வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். கோழி வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டது. அவள் அதைப் பார்த்து, "உனக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று கத்தினாள். அதன் பிறகு அழுதாள். குழு கலைந்துவிட்டால் பிராணிகள் அவரவர் எல்லைக்குள் போய்விடும். கேட்டில் நிற்கிற வாத்து, வளைவில் திரும்புகிற கழுதை, அவ்வளவுதான், அதற்கு மேல் அவளுடைய ஆயுசில் ஒன்றும் தெரிய வராது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதுகூட. சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கும்போது ஒன்றா இரண்டா என்று அவளுக்கு இன்னும் தடுமாற்றம் இருந்தது.

கடைசிக் கூட்டம் கொட்டகைக்கு வெளியே, பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் நடந்தது. சங்கத்தின் முறை என்பதால் வைரக்கண்ணு வறுத்த கெண்டை கொண்டுவந்திருந்தார். நன்றியுரைக்கு முன்னால் மங்கை எழுந்தாள்.

"கதவுன்னா திறக்கறதும் உண்டு, சாத்தறதும் உண்டு. நாம திறந்துதான் பார்த்திருக்கோம். சாத்திப் பார்க்கலையே."

அது நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. பாதி மட்டும் சோதித்த ஒன்றை வாரியம் எப்படிப் பொறுப்பேற்கும் என்று பத்மநாபனே கேட்டார். ஆனால் யார் முதலில் சாத்துவது? ஓர் அலுவலகம் தன் கதவுகளைச் சாத்தி, மற்றவை திறந்தே இருந்தால், சாத்திய அலுவலகத்தின் பிராணி மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கெண்டை தீரும் வரை இதைப் பேசினார்கள். கடைசியில் ஹாஜா மைதீன் ஒரு வழி சொன்னார்.

"நான் விசில் ஊதறேன். எல்லாரும் ஒண்ணா சாத்துங்க. எங்க டிப்போவுல விசிலுக்கு மறுபேச்சு கிடையாது."

பிராணிகளை உள்ளே விட்டார்கள். மங்கை தொட்டி நிறையத் தவிடும் புல்லும் நறுக்கிய மீனும் கலந்து வைத்தாள். தொட்டிக்கு மேலே கூரைக் கம்பில் காக்கிச் சட்டையை மாட்டினாள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிராணிகளிடம் கேள்வி கேட்பது அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நான்கு அலுவலகத்து ஆட்களும் கதவுக்கு ஒருவராகச் சுற்றி நின்றார்கள். ஹாஜா மைதீன் விசில் ஊதினார். அத்தனை கதவும் ஒரே சமயத்தில் சாத்திக்கொண்டன.

சாத்தியதும் அதற்குச் சுவர் வந்துவிட்டது.

உள்ளே முதலில் குளம்புச் சத்தம் கேட்டது, சிறகடிப்பு கேட்டது, ஒரு சளப்பல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அதற்கும் பிறகு மெல்லுகிற சத்தம். எல்லாரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பஸ்கள் வந்து நின்று, யாரும் ஏறாததால் போய்விட்டன. மெல்லுகிற சத்தம் ஓய்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாத்தின் தாழ்ந்த கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். ரெஜினா சிஸ்டர் எழுந்து போய்த் திறந்துவிட்டார். முதலில் வாத்து வந்தது. அதே கதவில் கழுதை, முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு. அதன் பின்னால் நீர்நாய். கடைசியாக எருமை.

நான்கும் ஒன்றாக நடக்கத் தொடங்கின. மங்கை சட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள், குழுவும் போயிற்று. வாத்து ஆஸ்பத்திரியைச் சுற்றி முன் கேட்டுக்கு வந்து, நிற்காமல் தாண்டியது. தாண்டிய பிறகும் அது நத்தை பொறுக்கவில்லை. கடைத்தெருவில் கழுதை முன்னே போயிற்று. நகராட்சி வளைவு வந்தது, அது திரும்பவில்லை.

"எல்லை தாண்டுது" என்றார் பத்மநாபன். "இதுக்கு ஒரு கடிதம் போட்டு அனுமதி வாங்கணும்."

"நாளைக்குப் போட்டுக்கலாம், நடங்க சார்" என்றார் ரெஜினா சிஸ்டர்.

மதகடியில் எருமை நின்று தலையைக் குனிந்தது. அன்றைக்கு மதகைத் திறந்துவிட்டார்கள், ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் என்று அதற்கு அர்த்தம். இதுவரைக்கும் கலியமூர்த்தி வந்திருக்கிறார், வந்து வண்டியைத் திருப்பியிருக்கிறார். அங்கிருந்து பாலம். பாலத்தின் மேல் நீர்நாய் நடுரோட்டில் படுத்துப் புரண்டது. பாலம் முழுகிவிட்டது, பரிசலே போக முடியாது என்று அதற்கு அர்த்தம். அங்கேயும் அவர் வந்து திரும்பியிருக்கிறார். துண்டுகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்தன. அவர் போன வழியில் அவள் முதல் தடவையாகக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தாள்.

ஊர் எல்லையில் மூன்று ரோடுகள் பிரிகிற முக்கில் நான்கு பிராணிகளும் நின்றன. நின்று, உட்கார்ந்தன. உட்கார்ந்து, மங்கையைத் திரும்பிப் பார்த்தன.

அவள் சட்டையை மறுபடியும் காட்டினாள். அவை சட்டையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தன.

"நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க" என்றார் பத்மநாபன் மெதுவாக. முதல் தடவையாக அவர் குரலில் வாரியம் இல்லை.

மங்கை அந்த எட்டுக் கண்களுக்கு முன்னால் நின்றாள். இவை ஏன் என்னைப் பார்க்கின்றன, எனக்கு என்ன தெரியும், தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் சும்மாவா இருந்திருப்பேன் என்றெல்லாம் நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்கூட்டர் சீட்டும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கோழியும் அவள் ஞாபகத்துக்கு வந்தன. தினமும் அதை விரட்டிவிட்டுத்தான் அவள் கூட்டத்துக்கு வந்தாள்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். இந்தத் தடவை கோழியை விரட்டவில்லை. அது சீட்டிலேயே இருக்க, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே கடைத்தெரு வழியாக வந்தாள். வேர்த்துக் கொட்டியது. முக்கு வந்ததும் கோழி சீட்டிலிருந்து குதித்தது. மற்ற நான்கும் எழுந்து வழிவிட்டன. மூன்று ரோட்டில் எதிலும் கோழி போகவில்லை. ரோட்டோரக் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு மண்தடம் இருந்தது, பழைய செங்கல் சூளைக்குப் போவது. அதில் குழாய் கிடையாது, பஸ் கிடையாது, துறை கிடையாது. எந்த அலுவலகத்துக்கும் சேராத தடம். கல்யாணமான புதிதில் கலியமூர்த்தி அவளுக்கு அங்கேதான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். "எப்ப மழை பேஞ்சாலும் இங்க மட்டும் தண்ணி நிக்காது பாரு" என்று சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரியும். அது அறிவு என்றுதான் தெரியாது.

சூளை மேட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. மேல் விளக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளம் வடிந்து, கோரை முளைத்து, அதையும் ஆடுகள் மேய்ந்து போயிருந்தன. கலியமூர்த்தி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"மங்கை" என்றார். "எந்த ரோடு திறந்திருக்கு?"

"எல்லாம் திறந்துதாங்க கிடக்கு."

"யாரும் சொல்லலையே. அன்னிக்கு வயர்லெஸ் செத்துப்போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில, ரோடு எங்க விஷயம் இல்லன்னாங்க. அதான் சொல்றவரைக்கும் இருப்போம்னு இருந்துட்டேன்."

மங்கைக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யாராவது சொன்னாலொழிய இந்த மனிதர் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். சொந்த வீட்டு வாசலில் நின்றுகூட "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். இதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தாடியைப் பிடித்து ஆட்டினாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை.

ரெஜினா சிஸ்டர் பின்கதவைத் திறந்தார். "பிரசவம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சிஸ்டர்" என்றாள் உள்ளே இருந்த பெண். "பல்லு முளைச்சிருச்சு. தவழுறான்."

குழந்தை வாசற்படிக்குத் தவழ்ந்து வந்து, நீர்நாயைப் பார்த்துச் சிரித்தது. பெண் குனிந்து வெளியே பார்த்தாள். "மாமா, நீங்களுமா வந்திருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

வைரக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அவருடைய மருமகள் அமிர்தவல்லி. வீட்டு விஷயத்தைக் கூட்டத்தில் பேசக் கூடாது என்று இத்தனை மாதமும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீட்டு அணில் தொட்டில் கயிற்றை விட்டு இறங்காமல் இருந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை.

"முதல் நாளே கேட்டேனே அம்மா" என்றார் மங்கையிடம்.

"கேட்டீங்க அய்யா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

வைரக்கண்ணு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அமிர்தவல்லி பிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊற்றினாள். ஐப்பசியில் போட்ட டீ இன்னும் சூடாகவே இருந்தது, சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு.

ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியோரம், ஒரு சின்ன ஆமை உட்கார்ந்திருந்தது. ஹாஜா மைதீன்தான் முதலில் பார்த்தார்.

"வண்டிக்கும் வந்துருச்சா?"

"மார்கழியில வந்துதுங்க" என்றார் கலியமூர்த்தி.

"அதுக்கு என்ன தெரியும்?"

"காத்திருக்கத் தெரியும்."

ஹாஜா மைதீன் மரியாதையாக ஆமையைப் பார்த்துத் தலையசைத்தார். அது டிப்போவுக்குத் தேவைப்படுகிற ஒன்று.

எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்கள். எருமை முன்னால் போயிற்று, ஆம்புலன்ஸ் அதன் பின்னால், கோழி மங்கையின் ஸ்கூட்டரில். வீட்டு வாசலில் கலியமூர்த்தி இறங்கி, படிக்கு வெளியே நின்றார்.

"வரலாமா?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று மங்கை நினைத்துக்கொண்டாள். கோழி அவளைத் திரும்பிப் பார்த்தது.

"வாங்க" என்றாள்.

குழு கலையவில்லை. ஆனியில் வீடுகளையும் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள்; பத்மநாபன் வழிமொழிந்தார். இப்போது கோழிகளும் அணில்களும் அரணைகளும் கொட்டகைக்கு வருகின்றன. எந்தக் கதவில் வேண்டுமானாலும் வருகின்றன. மதியத்துக்கு மேல் விசில் ஊதியதும் கதவுகளைச் சாத்துகிறார்கள். ஆமையும் உறுப்பினராயிற்று. அதன் சார்பில் கலியமூர்த்தி ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். ஆமைக்கு ஒரு கதவு வேண்டும், ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வந்து சேர ஒரு வருஷம் ஆகிற கதவு. குழு அதை ஏற்றுக்கொண்டது, மங்கை வரைந்து கொடுத்தாள்.

மேஸ்திரி ஆமைக் கதவின் நிலையை மாதம் மாதமாக, தையிலிருந்து தொடங்கி ஆவணி வரை கட்டிவிட்டார். நேற்றுச் சித்திரையின் மேல் ஏணியைச் சாய்த்துவிட்டு வந்து, அடுத்து வரும் மாதங்களுக்கு என்ன அளவு என்று கேட்டார்.

"மத்ததெல்லாம் இதே அளவு போதும்" என்றாள் மங்கை. "ஐப்பசியை மட்டும் கொஞ்சம் மேடா கட்டுங்க. தண்ணி வரும்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் குறித்துக்கொண்டார்.